முப்பத்தெட்டாம் பதிவும் நீ வைத்த பட்டனும்

அன்பு மருமகனுக்கு மாமா எழுதிக்கொள்வது. இங்கு என் ஒருவனைத் தவிர அனைவரும் நலம். அங்கு நீ நலமாகத்தான் இருப்பாய். கைவரிசையைக் காட்டிவிட்டு ஊர் போய்ச் சேர்ந்தவனுக்கு என்ன குறை. இதைத் தாளில் எழுதி விரைவுத் தபாலில் அனுப்புகிறேன். கணினியில் எழுதும் எதையும் இனி நான் நம்புவதாக இல்லை.

போன மாதம் வந்திருந்தபோது, "மாமா, உங்க ப்ளாக்ல மொழிபெயர்க்கிற பட்டன் வச்சிட்டேன், இனிமே உலகமே படிக்கும்" என்றாய். நானும் பெருமையாகத் தலையாட்டினேன். அதுவரை அதைப் படித்தவர்கள் பதினோரு பேர், அதில் மூன்று பேர் நானே. ஆவணக் காப்பறையில் முப்பத்து மூன்று வருடம் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன், சும்மா இருக்க முடியாமல் மாதம் ஒன்று எழுதினேன். யார் படிக்கப்போகிறார்கள் என்ற தைரியத்தில் நினைத்ததை நினைத்தபடியே எழுதினேன்.

முப்பத்தெட்டாம் பதிவும் அந்தத் தைரியத்தில் பிறந்ததுதான். நம் பெண் தன் அலுவலகப் பையனைக் கட்டிக்கொள்ளப்போகிறாள் அல்லவா, அவனைப் பெற்றவர்கள் முதல்முறை வீட்டுக்கு வந்த கதை அது. அவர்களுக்குத் தமிழில் ஓர் எழுத்தும் தெரியாது. சம்பந்தியம்மா வந்த அரை மணி நேரத்தில் அலமாரியைத் திறந்து விளக்கம் கேட்டார், குளியலறைக் கதவின் கீலுக்கு எண்ணெய் விடச் சொன்னார், சோபாவை ஜன்னல் பக்கம் நகர்த்த வைத்தார். அதில் சம்பந்தி குறட்டை விட்டுக்கொண்டிருந்ததால் அவரையும் சேர்த்தே நகர்த்தினோம். இதையெல்லாம் எழுதி, பையன் தங்கம், கூட வரும் சாமான்தான் கனம் என்று முடித்திருந்தேன்.

இன்று காலை பெண் சாதாரணமாகச் சொன்னாள். "அப்பா, எனக்கு வரப்போற அத்தை உங்க ப்ளாக் படிக்கிறாங்க. தினம் ஒண்ணு, முதல் நம்பர்ல இருந்து. இன்னைக்கு முப்பத்தொண்ணு." எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கல்யாணத் தேதி பேச அவர்கள் வருவது இன்னும் எட்டு நாளில். முந்தின நாள்தான் முப்பத்தெட்டு வருகிறது.

இயந்திரம் உளறிவைத்திருக்கும் என்று ஒரு நம்பிக்கை இருந்தது. தெருமுனை மருந்துக்கடைக்காரர் சம்பந்தியம்மாவின் மொழிக்காரர் என்பதால் அவரிடம் காட்டினேன். எங்கே சிரிக்க வேண்டுமோ அங்கே சரியாகச் சிரித்தார். சோபா வந்த இடத்தில் வாடிக்கையாளரைக் காக்கவைத்துவிட்டுச் சிரித்தார். என் எழுத்தை ஒருவர் இப்படி ரசித்ததே இல்லை, அதைச் சந்தோஷமாக அனுபவிக்கவும் முடியவில்லை.

அழித்துவிடுங்கள் என்பாய். காப்பறைப் பழக்கத்தில் ஒவ்வொரு பதிவுக்கும் நம்பர் போட்டுத் தொலைத்திருக்கிறேனே. முப்பத்தேழுக்கு அடுத்து முப்பத்தொன்பது வந்தால், அலமாரியைத் திறந்து பார்த்த அம்மாள் சும்மா விடுவாரா? வேறொன்றை எழுதி அங்கே செருகவும் கை வரவில்லை; கோப்பில் தாளை மாற்றியவர்கள்மேல் புகார் எழுதியே காலம் கழித்தவன் நான். அந்தப் பையனோடு பேசும்போது நம் பெண் சிரிக்கிற சிரிப்பு அடுத்த அறைவரை கேட்கும். என் கிறுக்கலால் அது நின்றுபோனால் நான் மனிதனே இல்லை. ஆகவே இந்தக் கடிதம் கண்ட நிமிடமே பட்டனைப் பிடுங்கி எறி.

உன் அம்மாவுக்கு என் அன்பைச் சொல், விஷயத்தைச் சொல்லாதே. வைக்கத் தெரிந்தது போலவே எடுக்கவும் தெரிந்தவனாக, சகல நலன்களோடும் நீ நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
கதிகலங்கிப்போயிருக்கும் உன் மாமா

பி.கு.: உறையை ஒட்டப்போகும்போது சம்பந்தியம்மா பெண்ணுக்குப் போன் செய்தார். தன்னைப் பற்றி ஏதாவது இருக்கிறதா என்று தேடி முப்பத்தெட்டை முதல் நாளே படித்துவிட்டாராம். இந்த மனிதர் மற்றவர்களை எப்படி எழுதியிருக்கிறார் பார்ப்போம் என்று கோபத்தில்தான் முதலிலிருந்து ஆரம்பித்தாராம். பன்னிரண்டாம் பதிவில், உன் மாமி கார் ஓட்டக் கற்றுக்கொண்ட கதையில், கோபம் போய்விட்டதாம். கட்டின மனைவியையே இப்படி எழுதுகிறவர் தன்னை மரியாதையாகத்தான் எழுதியிருக்கிறார் என்று சமாதானமாகிவிட்டார். கல்யாணம் உறுதி, பட்டன் இருக்கட்டும். ஆனால் அந்தப் பன்னிரண்டைப் பெண் மூலமாக உன் மாமியிடமும் பாராட்டித் தொலைத்துவிட்டார். மூன்று வருடமாக என் ப்ளாக் பக்கமே வராதவள், இப்போது பக்கத்து அறையில் மூக்குக்கண்ணாடியைத் தேடிக்கொண்டிருக்கிறாள். தமிழில் இருப்பதைத் தமிழ் தெரிந்தவர்களுக்குப் புரியாமல் ஆக்கும் பட்டன் ஏதாவது இருந்தால் உடனே வை.