மன்னார்ப் பாலத்தில் எனக்கு வாய்த்த நன்மரணம்

துணிச்சல்காரர்களைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் பஸ்ஸில் பயந்தே செத்தவள். (சும்மா சொல்லவில்லை, மரணச் செபமே நடந்தது.)

மன்னாரில் ஒரு பள்ளிக்கூடத்தில் எனக்கு ஆசிரிய நியமனம் கிடைத்திருந்தது. எங்கள் ஊர் விடத்தல்தீவில் பஸ் ஏறினால் போதும். ஆனால் கடலைக் கடக்கிற மன்னார்ப் பாலம் நெருங்கினாலே நெஞ்சு படபடக்கும், கை விறைக்கும், மூச்சு நிற்கப்போகிறது என்று தோன்றும். பாலத்துக்கு முன்னமே இறங்கி வீட்டுக்குத் திரும்பிவிடுவேன். வருகிற திங்கட்கிழமை கடமையேற்காவிட்டால் வேலை போய்விடும்.

பக்கத்து ஊரான அடம்பனுக்குக் கிளினிக் நடத்த வந்த டொக்டர் அம்மா என்னைச் சோதித்துவிட்டுச் சிரித்தார்.

“நெஞ்சில ஒண்டுமில்லை. மூளைக்குள்ள ஒரு காவல்காரன் இருக்கிறார், பாதாம் பருப்பளவு. தபால்காரனைக் கண்டாலும் கள்ளன் எண்டு கத்துறார். நீங்கள் இறங்கி ஓடினா, தான் சொன்னது சரியெண்டு நினைப்பார். இறங்காதேங்கோ. மெதுவா மூச்சை விட்டுக்கொண்டு இருங்கோ. கத்திக் களைச்சுப்போவார்.”

“களைக்காட்டி?”

“விழுங்கக் குளிசை இருக்கு. முதல்ல இதைச் செய்து பாப்பம்.”

திங்கட்கிழமை, பாலம் வருவதற்கு முன்பே காவல்காரன் தொடங்கிவிட்டார். நான் கண்ணை மூடி, வயிற்றில் கைவைத்து, வாயைக் குவித்து நீளமாக மூச்சு விட்டேன். சொன்னதைச் செய்கிற பிள்ளை நான். கொஞ்சம் சத்தமாகவே விட்டேன்.

பக்கத்தில் இருந்த மரியம்மா அக்கா என் காதருகே குனிந்தார். “இயேசு மரி சூசை... இயேசு மரி சூசை...”

எங்கள் ஊரில் உயிர் பிரிகிறவர்களுக்குக் காதில் சொல்லும் செபம் அது. பின்னால் இருந்தவர்கள் செபமாலையைத் தொடங்கினார்கள். யாரோ என் தலையில் சோடாவை ஊற்றினார்கள்.

“நான் சாகேல்லை அக்கா.”

“எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுவினம். உத்தம மனஸ்தாபச் செபத்தைச் சொல்லு பிள்ளை, பாவமெல்லாம் போகட்டும்.”

எனக்குக் கோபம் வந்துவிட்டது. டொக்டர், காவல்காரன், பாதாம் பருப்பு எல்லாவற்றையும் உரத்த குரலில் விளக்கினேன். அக்கா கொண்டக்டரிடம் திரும்பினார்.

“பிள்ளை பினாத்துது. நேர ஆஸ்பத்திரிக்கு விடச்சொல்லு தம்பி.”

பஸ் எங்கும் நிற்காமல் ஆஸ்பத்திரி வாசலில் போய் நின்றது. இறங்கிய பிறகுதான் எனக்கு உறைத்தது. ஆஸ்பத்திரி இருப்பது மன்னாரில், பாலத்துக்கு அந்தப் பக்கம். சண்டை பிடித்த மும்முரத்தில் பாலம் வந்ததையும் பார்க்கவில்லை, போனதையும் பார்க்கவில்லை. பிசுபிசுத்த சேலையோடு நடந்துபோய்க் கடமையேற்றேன். அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்கு முன் நடந்ததில்லை.

மறுநாளும் பயந்தேன், ஆனால் இறங்கவில்லை. காவல்காரன் கொஞ்சங் கொஞ்சமாக ஓய்ந்தார். அதே பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்தவரைக் கல்யாணமும் கட்டினேன்.

அவரிடம் இந்தக் கதையைச் சொன்னதுதான் பிழை. இன்றைக்கும் வீட்டில் நான் ஒரு பெருமூச்சு விட்டால் போதும், பேப்பரிலிருந்து தலையெடுக்காமலே கேட்பார்:

“சோடா போதுமோ, ஃபாதரைக் கூப்பிடவோ?”