செவிடனுக்குப் பிடித்த பாட்டு

இப்போதெல்லாம் அப்பன் உயிரோடு இருக்கையில் மகன் அவனிடம் நாலு வார்த்தை பேசுவதில்லை. செத்த பிறகு பேசுவதற்கு வேன் பிடித்துப் போகிறான். நம்பாதவர்கள் கோவில்பட்டியிலிருந்து கடம்பூர் போகிற ரோட்டில் மணிகண்டபிரபு வீட்டு வாசலைப் போய்ப் பாருங்கள். செவ்வாயும் வெள்ளியும் கரிசல் புழுதி அடங்காது.

அங்கே ஆவிப் பெட்டி இருக்கிறது. சந்தனம் பூசிய ஸ்பீக்கர். பாட்டு வர வயர் கிடையாது; அதுதான் அதிசயமாம். செத்தவர் பெயரையும் ஊரையும் சீட்டில் எழுதிக் கொடுத்து, கேள்வி கேட்க வேண்டும். அவருக்குப் பிடித்த பாட்டே பதிலாக வரும். குத்துப் பாட்டு வந்தால் சம்மதம். சோகப் பாட்டு வந்தால் கூடாது.

மணிகண்டபிரபு நமக்குப் பழைய ஆள்தான். பதினைந்து வருடத்துக்கு முன் பஸ் ஸ்டாண்டு பக்கம் கடை போட்டு, வருகிறவர்கள் செல்போனில் பாட்டு ஏற்றிக் கொடுத்தவன். இப்போது தாடி வளர்ந்திருக்கிறது.

நான் போனது பக்கத்து வீட்டு முத்துத்தாய்க்காக. தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்க்கிறவள். புருஷன் பூவனலிங்கம் விட்டுப்போன இரண்டு ஏக்கர் கரிசல்தான் அவளுக்கு மிச்சம்.

"நெலத்த வித்துரலாமான்னு கேட்டேன் அண்ணாச்சி. அவிய குத்துப் பாட்டுப் போட்டுட்டாவ. திங்கக்கெழம பத்திரம்."

"வாங்குதது யாரு?"

"மணிகண்டபிரபு சாமியோட மச்சினன்."

"பூவனலிங்கம் இருந்தப்ப ஒரு செண்டு விப்பானா?"

"இப்ப அவியளுக்கு எல்லாம் தெரியும்லா."

பட்டாவைப் பையில் வைத்துக்கொண்டு, கடைசியாக ஒரு தரம் கேட்கக் கிளம்பினாள். நானும் கூடப் போனேன். என் சீட்டில், போன ஆடியில் இறந்த தம்பி கடற்கரையின் பெயரையும் ஊர் இடைசெவல் என்றும் எழுதிக் கொடுத்தேன்.

மணிகண்டபிரபு கண்ணை மூடினான். கை காவித் துண்டுக்குள் போனது. துண்டுக்குள் லேசாக வெளிச்சம் தெரிந்தது. ஜோதி என்று கூட்டம் கும்பிட்டது. குத்துப் பாட்டு அதிர்ந்தது.

"ஒங்க தம்பிக்கு ரொம்பப் பிடிச்ச பாட்டு" என்றான்.

"அவன் பொறவிச் செவிடு" என்றேன்.

பாட்டின் சத்தம் கூடியது. பிறகு வரிசையில் நின்ற ரெங்கம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "செத்ததும் காது கேட்டுட்டு, பாத்தியளா."

கூட்டம் மொத்தமும் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

எழுந்து உள்ளறைக்குப் போனேன். செவிடனின் அண்ணன் என்று மரியாதையாக வழிவிட்டார்கள். அங்கே ஒரு கறுப்புப் பெட்டி பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் வைஃபை பெட்டி. இரண்டுக்கும் குங்குமப் பொட்டு. கறுப்புப் பெட்டிக்கு சர்வர் என்று பெயராம். எங்கள் தெருக் கேபிள்காரர் பிறகு சொன்னார். நான் அறிந்த சர்வர் ஹோட்டலில் சாம்பார் ஊற்றுவார். இதுவும் அதே வேலைதான். பாட்டையெல்லாம் உள்ளே சேர்த்து வைத்திருக்கும். செல்போனில் எதைக் கேட்கிறோமோ அதைக் காற்றுவழியே ஸ்பீக்கருக்குப் பரிமாறும்.

இரண்டு பிளக்கையும் பிடுங்கினேன். பாட்டு பாதியில் நின்றது. வெளியே வந்தேன்.

"ஆவி கோவிச்சிட்டு" என்றான் மணிகண்டபிரபு. துண்டுக்குள் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தான். வேர்த்துக் கொட்டியது. துண்டு நழுவியது. மடியில் செல்போன்.

முத்துத்தாய் அதை எடுத்துப் படித்தாள். "இடைசெவல் கடற்கரை, சைக்கிள் கடை."

அது என் தம்பி இல்லை, அதே பெயரில் வேறு ஆள்; அந்தக் கடற்கரை இன்றைக்கும் உயிரோடு பஞ்சர் ஒட்டிக்கொண்டிருக்கிறான். கடையில் பாட்டு ஏற்றிய ஒவ்வொருவர் பெயரிலும் ஒரு பட்டியலை இவன் பத்திரமாக வைத்திருந்திருக்கிறான். முத்துத்தாயின் விரல் கீழே இறங்கி ஓரிடத்தில் நின்றது.

"பூவனலிங்கம். அதுக்குள்ள குத்துன்னு ஒண்ணு, சோகம்னு ஒண்ணு." நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். "எத அமுக்கணும்னு ஒம் மச்சினன் சொன்னானாக்கும்?"

அவள் பட்டாவை எடுத்து இடுப்பில் சொருகிக்கொண்டு வெளியே நடந்தாள்.

பாதிக் கூட்டம் கலைந்தது. மீதி அப்படியே நின்றது.

"இன்னும் எதுக்கு நிக்க?" என்று ரெங்கம்மாளைக் கேட்டேன்.

"கரண்டு வரட்டும்னு நிக்கேன் அண்ணாச்சி."

"கரண்டு எப்படியும் வந்துரும். ஒங்களுக்கு யோசன எப்ப வரும்?"

அதற்கும் அவள் பெட்டியைத்தான் பார்த்தாள். நான் பஸ்ஸுக்கு நடந்தேன்.