கொசுவலையில் ஒரு காடு

மனித குலத்தின் மகத்தான கண்டுபிடிப்பு நெருப்போ சக்கரமோ அல்ல, ஓட்டை. ஓட்டைகளை வரிசையாக அடுக்கி, நடுவில் கொஞ்சம் நூலை ஓடவிட்டு, அதற்கும் துணி என்று பெயர் சூட்டினானே, அவன் மேதை. இதை எண்ணூரில் முதலில் உணர்ந்தவர் ‘சுகந்தவனம்’ கரித்தூள் ஆலையின் மக்கள் தொடர்பு அதிகாரி செங்குட்டுவன்.

ஆலையின் கரி வீட்டுக்குள் வருகிறது என்று குப்பத்தார் முறையிட்டபோது, ஜன்னலில் கட்ட வீட்டுக்கொரு கொசுவலைத் துணி வழங்கி, அதற்குச் ‘சுவாசக் கவசம்’ என்று நாமகரணமும் செய்தார்.

“கொசு வரல சார். கரி மட்டும் வந்துகினே கீது. கொயந்த தும்முனா கறுப்பா வருது,” என்றாள் மீன் விற்கும் சிலுவையம்மாள்.

“ரெண்டா மடிச்சுக் கட்டுங்கம்மா,” என்றார் செங்குட்டுவன், விஞ்ஞானியின் நிதானத்தோடு.

மிச்சத் துணி வீணாகலாமா? ‘பசுமைச் சிகரம்’ விருதுக்கு ஆலை தகுதியானதா என்று பார்க்க அடையாறிலிருந்து ஒரு நடுவர் வரவிருந்தார். விருது கிடைத்தால் செங்குட்டுவனுக்குப் பொது மேலாளர் நாற்காலி. எனவே புகைபோக்கிக்கு முன்னால் மேடை போட்டு, வலையைப் பின்திரையாகக் கட்டி, அதில் மானும் மயிலும் அருவியுமாக ஒரு காடு வரையச் செய்தார். முன்விளக்குகளைப் போட்டதும் புகைபோக்கி மறைந்தது, காடு நின்றது.

விழா முடியும்வரை புகையை அடக்கிவைக்கவும் உத்தரவு போட்டாயிற்று. “விழா முடிஞ்சு மேடை லைட் அணைஞ்சதும் புகையைத் திறந்துவிடு, போதும்,” என்று உலையடியில் வேலை பார்க்கும் கமாலிடம் சொல்லிவைத்தார்.

“லைட்டு அணையணும், அவ்ளோதான? வுடு சார், நான் பாத்துக்கறேன்.”

பொழுது சாய்ந்ததும் விழா. நடுவர் காட்டைக் கண்டு கண் கலங்கினார். சிலுவையம்மாளுக்கு மறுபடியும் ஒரு கவசம் வழங்கிப் படம் எடுத்தார்கள்.

“மைக்ல ரெண்டு வார்த்த பேசிக்கவா சார்?”

“அப்புறம்மா, அப்புறம்.”

மைக்கைப் பிடித்த செங்குட்டுவனுக்கோ நெகிழ்ச்சி தாங்கவில்லை. நிகழ்ச்சி நிரலில் இல்லாததை அறிவித்தார்: “பூமித் தாய்க்காக ஒரு நிமிடம் விளக்கணைப்போம்.”

மேடை இருண்டது. பின்னால் ஆலை விளக்குகள் ஜொலித்தன. மானும் மயிலும் இருந்த இடத்தில் புகைபோக்கி நெட்டுக்குத்தலாக எழுந்தது. கடமை தவறாத கமால் திறந்துவிட்டான். கடற்காற்று மிச்சத்தைக் கவனித்துக்கொண்டது. வலையின் ஓட்டை ஒவ்வொன்றிலும் கரி புகுந்து மேடைக்கு வந்தது.

நடுவரின் வெள்ளைச் சட்டை சாம்பலாயிற்று. “மூக்க மூட... ஏதாச்சும்...” என்று இருமினார். பதறிப்போன செங்குட்டுவன் கைக்கு அகப்பட்டதை நீட்டினார். சுவாசக் கவசம்.

“இதுல என்னய்யா நிக்கும்? பூரா ஓட்டை.”

கேட்பாரற்றுக் கிடந்த மைக்கைச் சிலுவையம்மாள் எடுத்தாள்.

“ரெண்டா மடிச்சுப் புடிச்சுக்கோ நைனா. எங்க கொயந்தைங்களுக்கு சாரு அப்டித்தான் சொல்லிக் குடுத்தாரு.”