கூண்டு ஒழிப்பாளர்

சென்னையில் கூண்டு ஒழிப்பாளர் என்றொரு இனம் பெருகி வருகிறது. நீங்களும் பார்த்திருப்பீர்கள். தன் வீட்டில் ஒரு எறும்பைக்கூட வளர்த்திருக்க மாட்டார், ஆனால் அடுத்தவர் வீட்டு மீனையோ முயலையோ கண்டுவிட்டால் போதும், கண்களைப் பாதி மூடி, பெருமூச்சு விட்டு, "பாவங்க, அதுக்கும் ஒரு மனசு இருக்குல்ல?" என்று ஆரம்பித்து, உங்கள் கையிலிருக்கும் காபி ஆறி ஆடை கட்டும்வரை விட மாட்டார். இவ்வளவு ஞானம் எங்கிருந்து வந்தது? போனில் பார்த்த பதினோரு நிமிட வீடியோ. அதிலும் முதல் ஆறு நிமிடம்தான்.

மந்தைவெளி மேத்யூ இந்த இனத்தின் அசல் மாதிரி. முப்பது வருஷம் பூகோளம் நடத்தி ஓய்வு பெற்றவர். மாடியில் குடியிருக்கும் சிம்ரா, ஒரு கல்யாணத்துக்காக ஐந்து நாள் ஆம்பூர் போக வேண்டியிருந்ததால், வெள்ளை ஒன்று, சாம்பல் ஒன்று என்று தன் இரண்டு முயல்களையும் கூண்டோடு கொண்டுவந்து ஒப்படைத்தாள்.

"புல்லும் தண்ணியும் வெச்சா போதும் அங்கிள். கூண்டை மட்டும் திறந்துடாதீங்க. வெள்ளை ரொம்பப் பயப்படும்."

இதைப் போய் யாரிடம் சொல்கிறாள் பாருங்கள்!

அவளுடைய ஆட்டோ தெருமுனை திரும்புவதற்குள் மேத்யூ கொல்லையில் இறங்கிவிட்டார். சவுக்குக் கழி, கோழி வலை, கட்டுக்கம்பி. சாயங்காலத்துக்குள் கொய்யா மரத்தடியில் பத்தடிக்கு எட்டடியில் ஒரு பட்டி எழும்பிவிட்டது. கூண்டை அதற்குள் வைத்துக் கதவைத் திறந்துவிட்டார். மனைவி பிரிஸில்லா சமையலறை ஜன்னலிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"என்னங்க, முயல் மண்ணத் தோண்டுமே?"

"தோண்டறது அதோட பிறப்புரிமை."

"தோண்டி வெளிய போயிட்டா?"

"சுதந்திரமா இருக்கிற ஜீவன் எதுக்கு ஓடப்போகுது, பிரிஸில்லா?"

மறுநாள் காலை ஏழு மணிக்கு அந்தக் கேள்விக்குப் பதில் கிடைத்தது. வலைக்கு அடியில் ஒரு குழி. பட்டியில் சாம்பல் முயல் மட்டும் இருந்தது. மதில்மேல் ஒரு பூனை உட்கார்ந்து நிதானமாக முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தது.

மேத்யூ வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தெருவில் நின்ற ஒவ்வொரு காருக்கு அடியிலும் தலையை விட்டு, "வாம்மா, வாம்மா" என்று கெஞ்சினார். அந்தப் பக்கம் மீன் கூடையோடு வந்த முனியம்மாள் நின்றுவிட்டாள்.

"இன்னா சார், காலங்காத்தால ரோட்டுல பட்த்துக்கினு கீற?"

சொன்னார். அவள் கூடையை இறக்கிவைத்துவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டே நடந்தாள். பக்கத்து மனையில் அடுக்கியிருந்த செங்கல்லுக்கு முன்னால் மிளகு கொட்டியதுபோல் நாலைந்து புழுக்கை.

"இங்கதான் கீது. நீ தொரத்தாத சார், இன்னும் உள்ளாற பூடும். ஒரு கட்டு கொத்தமல்லி எட்த்தாந்து போட்டுட்டு கம்முனு குந்து."

கம்மென்று உட்காருவதா? மேத்யூவா? உட்கார்ந்தார். முக்கால் மணி நேரம், வெயிலில், ஒரு வார்த்தை பேசாமல். முப்பத்தைந்து வருஷ இல்லறத்தில் பிரிஸில்லா காணாத காட்சி.

வெள்ளை வெளியே வந்தது. காதில் ஒரு கீறல், ரத்தம் காய்ந்திருந்தது. முனியம்மாள் துண்டைப் போட்டு அமுக்கி அதை அவர் கையில் கொடுத்தாள். அந்தச் சின்ன நெஞ்சு படபடவென்று அடிப்பது உள்ளங்கையில் தெரிந்தது. மேத்யூவின் கண் நிறைந்துவிட்டது. அவர் வாழ்நாளில் ஒரு முயலைத் தூக்குவது அதுதான் முதல் தடவை.

அன்றைக்கே பிரிஸில்லாவும் முனியம்மாளும் வலையை ஒன்றரை அடி மண்ணுக்குள் இறக்கினார்கள். மேலேயும் வலை போட்டு மூடி, வெயிலுக்குத் தார்ப்பாய் கட்டினார்கள். இருட்டியதும் இரண்டையும் பழையபடி கூண்டில் அடைத்தார்கள். மேத்யூ சுத்தியல் எடுத்துக் கொடுத்தார்.

ஊரிலிருந்து திரும்பிய சிம்ராவிடம் அவர் எதையும் மறைக்கவில்லை. அவள் வெள்ளையின் கீறல் விழுந்த காதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் அங்கிள்."

அவர் வெள்ளையை வாங்கிப் பட்டிக்குள் விட்டார். அது நாலடி ஓடி, அந்தரத்தில் உடம்பை முறுக்கித் துள்ளி இறங்கியது. சிம்ரா வாயைப் பொத்திக்கொண்டாள். "என் பால்கனியில இது ஒரு நாள்கூட இப்படிக் குதிச்சதில்லையே!"

அதற்குப்பின் பகலில் பட்டி, இரவில் கூண்டு என்று முடிவாயிற்று.

மேத்யூ திருந்தினாரா? மறுவாரம் பூங்காவில் நடக்கும்போது ஒருவரை நிறுத்திவைத்துச் சொல்லிக்கொண்டிருந்தார்: "வலையை ஒன்றரை அடி புதைக்கணும் சார். இது யாருக்கும் தெரியாது." இரண்டடி பின்னால் வந்த பிரிஸில்லா வேறு பக்கம் திரும்பிச் சிரித்தார்.

நீங்களும் சிரிக்கிறீர்கள், இல்லையா? சரி, உண்மையைச் சொல்லுங்கள்: படித்துக்கொண்டிருக்கும்போதே, கிளி வளர்க்கும் உங்கள் மச்சினருக்கு இதை அனுப்பினால் புத்தி வரும் என்று தோன்றியதா? தோன்றியதென்றால், அந்த மச்சினருக்கு என் ஆழ்ந்த அனுதாபங்கள்.