வாய்தா குமாஸ்தா போட்ட நடை மனு

அரியலூர் மாவட்டத்துக்கே பொறுமையை வாரி வழங்கியவர் எங்கள் வக்கீல் ஆபீஸ் குமாஸ்தா. வழங்கி வழங்கித் தனக்கென்று ஒரு சிட்டிகைகூட மிச்சம் வைத்துக்கொள்ளவில்லை. அவர் பெயர் பலருக்குத் தெரியாது; ‘வாய்தா’ என்றால் கோர்ட் வாசல் டீக்கடை வரை தெரியும். “அடுத்த வாய்தாவுல முடிஞ்சிரும், பொறுத்துக்குங்க” என்று அவர் சொல்லி அனுப்பாத கட்சிக்காரர் கிடையாது. பக்கத்து மேஜையில் டைப் அடிக்கும் நான் அதைத் தினம் பத்துத் தடவை கேட்பேன்.

போன வருடம் திருச்சியில் அவருக்கு இடுப்பு மூட்டு மாற்று ஆபரேஷன் நடந்தது. ஆறு வாரம் வாக்கர், அப்புறம் கைத்தடி, மூன்று மாதத்துக்கு மாடிப்படி கூடாது என்றார் டாக்டர். இரண்டாவது வாரமே என்னைக் கூப்பிட்டு ஒரு மனு டைப் அடிக்கச் சொன்னார். ‘மேற்படி மனுதாரர் வாக்கர் இன்றி நடக்க முன்கூட்டியே அனுமதித்து உத்தரவிடுமாறு பணிவுடன் பிரார்த்திக்கிறார்.’ டாக்டர் அதை முழுக்கப் படித்துவிட்டு, கீழே ‘தள்ளுபடி’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

“அப்பீல் போவலாமா?” என்றார் வாய்தா என்னிடம்.

அப்பீலுக்குப் பதிலாக மறுநாள் வீட்டில் வாக்கரை ஓரங்கட்டிவிட்டு எழுந்தார். மூன்றாவது எட்டில் தடுமாறிக் கொடிக் கயிற்றைப் பிடிக்க, கயிறு துணிகளோடு கையில் வந்தது. நல்ல வேளை, பின்னால் கட்டில் இருந்தது. ஈரப் புடவைக்குள்ளிருந்து குரல் மட்டும் வந்தது. “இது ரெக்கார்டுல ஏற வேணாம்.”

“இன்னொரு வாட்டி வாக்கரைத் தொடாம எந்திரிச்சீங்கன்னா நான் எங்கம்மா வூட்டுக்குப் போயிடுவேன்” என்றார் அவர் மனைவி.

அவசரத்துக்குக் காரணம் இருந்தது. ஏலாக்குறிச்சி சவரியம்மாவின் நில வழக்கில் ஐந்தாவது வாரம் தீர்ப்பு. பதினோரு வருடமாக வாய்தா சொல்லியே அந்த அம்மாளைத் திருப்பி அனுப்பியவர், தீர்ப்பன்று பக்கத்தில் நிற்பதாக வாக்குக் கொடுத்திருந்தார். கோர்ட் ஹாலோ மாடியில் இருந்தது.

அன்று காலை யார் சொல்லியும் கேட்காமல், வெள்ளைச் சட்டையோடு ஆட்டோவுக்காகக் காத்திருந்தார். துணைக்கு நான். ஆட்டோ வருவதற்கு முன்னால் சவரியம்மா வந்துவிட்டார்.

“எங்க கெளம்பிட்டீங்க?”

“தீர்ப்புக்குத்தான். நீங்க தனியா நிக்கக் கூடாதும்மா.”

“பதினோரு வருசம் நான் பொறுத்துக்கிட்டேன். ஒங்க காலு மூணு மாசம் பொறுக்காதா? உக்காருங்க. வக்கீலய்யா போன்ல சொல்லட்டும். நானும் இங்கயே இருக்கேன்.”

வாய்தா உட்கார்ந்தார். பதினொன்றரைக்குப் போன் வந்தது. நிலம் சவரியம்மாவுக்கே. இருவரும் அழுதார்கள். வழக்கில் சம்பந்தமே இல்லாத நானும் அழுதேன்.

அப்புறம் வாக்கரைப் பிடித்துக்கொண்டு, அந்த அம்மாளை வழியனுப்பக் கேட் வரை நடந்தார். மொத்தம் பதினைந்து எட்டு. சவரியம்மா அவர் வேகத்துக்கே கூட நடந்தார். எனக்கு ஆபீசுக்கு நேரமாகிவிட்டது. ஆனாலும் அவரை முந்திக்கொண்டு போக மனம் வரவில்லை.