காய்ச்சல் கண்டவனுக்கே வேலை

நியூ ஆர்லியன்ஸ் துறைமுகம்,
29 ஆகஸ்ட் 1853

அயர்லாந்தில் இருக்கும் பிரியமுள்ள ஹனோரா சித்திக்கு, உங்கள் அக்காள் மகன் டெர்மட் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. நான் நலம். நீங்களும் சித்தப்பாவும் பன்றிகளும் நலமாயிருக்க மாதாவை வேண்டுகிறேன்.

சித்தி, எனக்கு மஞ்சள் காய்ச்சல் வந்துவிட்டது. பதறாதீர்கள், சந்தோஷப்படுங்கள். வந்து பிழைத்தவனுக்கு அது மறுபடி வராதாம். அதனால் இந்த ஊரில் வராதவனுக்கு வேலையே கிடையாது. பஞ்சு மூட்டை தூக்க மூன்று மாதம் வரிசையில் நின்றேன். மேஸ்திரி க்ரோகன், நம் ஊர்க்காரர்தான், தினமும் கேட்பார்: "காய்ச்சல் கண்டவனா நீ?" இல்லை என்றால், "அப்ப போய் வாங்கிட்டு வாடா. பாதி வழியில நீ செத்து விழுந்தா மூட்டையை யாரு தூக்கறது, உன்னை யாரு தூக்கறது?" முதலாளிகள் ஏரிக்கரை மாளிகைகளுக்கு ஓடிவிட்டார்கள். காய்ச்சலே இல்லை என்று ஜூலை வரை எழுதிய பத்திரிகைக்காரர்களும் பின்னாலேயே ஓடினார்கள். காற்றைச் சுத்தம் செய்வதற்காம், தெருவெங்கும் தாரைக் கொளுத்திப் பீரங்கி சுட்டார்கள். பக்கத்து அறை ஜெர்மன்காரர் அந்தச் சத்தத்தில் கட்டிலிலிருந்து விழுந்து கையை ஒடித்துக்கொண்டதுதான் மிச்சம். போன வாரம் எனக்கும் உடம்பு கொதித்து வயிறு புரட்டியது. பாதிரியார்கூட எட்டிப் பார்க்காத அறைக்குள் வீட்டுக்கார ஒடீல் அம்மாள் வந்தார். கறுப்பினப் பெண்மணி. ஆரஞ்சு இலைக் கஷாயம் புகட்டினார், கடுகு போட்ட வெந்நீரில் என் காலை அமுக்கி வைத்தார். "செத்துத் தொலைக்காதடா, போன மாசம்தான் மெத்தையை மாத்தினேன்" என்று திட்டிக்கொண்டே ஐந்து நாள் கண் மூடவில்லை. டாக்டர் உள்ளே வரப் பயந்து, ஒடீல் அம்மாள் சொல்லச் சொல்ல வாசலில் நின்றே, காய்ச்சல் கண்டு பிழைத்தவன் என்று சான்றிதழ் எழுதினார். அதைப் பார்த்ததும் க்ரோகன் எழுந்து கைகுலுக்கினார்: "வாய்யா, இனிமே நீ இந்த ஊர்க்காரன்!" நாளைக் காலை, காய்ச்சலில் ஆறு பேர் செத்த கப்பலில் எனக்கு வேலை.

ஆண்டவருக்கும் ஒடீல் அம்மாளுக்கும் அந்தக் காய்ச்சலுக்கும் என் மனமார்ந்த நன்றி. சித்தப்பாவின் முழங்கால் குணமாகட்டும்.

உங்கள் ஆசியை நாடும்,
டெர்மட்

பி.கு.: உறையை ஒட்டும் முன் இதை ஒடீல் அம்மாளுக்கு வாசித்துக் காட்டினேன். தலையில் அடித்துக்கொண்டார். "மக்கு, உனக்கு வந்தது அது இல்லடா. கெட்டுப்போன சிப்பியைத் தின்னு வந்த வயித்துக் கோளாறு. நீ பட்டினி கிடக்கறதைப் பாக்க முடியாம டாக்டர்கிட்ட நான்தான் பொய் சொன்னேன். அந்தக் கப்பல்லயே உன்னை ஏத்துவான்னு யாரு கண்டா? போகாதே."

"போகலைன்னா சோறு?"

அவர் ரொட்டியைத் துணியில் முடியத் தொடங்கினார். நான் போகிறேன், சித்தி. படிக்கத் தெரியாத என் அம்மாவுக்கு, மேலே நான் போட்ட கையெழுத்து வரைக்கும் மட்டும் வாசித்துக் காட்டுங்கள்.