கட்டில்கடை அண்ணனின் ஆடாத பலகை

மதுரையில் கடல் இல்லை என்பதை ஒரு பொருட்டாகவே மதிக்காத ஒரே மனிதர் சிம்மக்கல் கட்டில்கடை அண்ணன்தான். ஐம்பத்தைந்து வயது, நூறு கிலோ, நீச்சல் தெரியாது. போன வருஷம் செல்போனில் யாரோ பலகைமேல் நின்று துடுப்புப் போட்டபடி சின்ன அலையில் சறுக்கி வருவதைப் பார்த்துவிட்டார். அதோடு கடையில் கட்டில் பேச்சு குறைந்துபோனது.

மதினி, அதாவது அவர் மனைவி, ஒரே ஒரு நிபந்தனை போட்டார். பலகையை வாங்கியதும் முதலில் நம்மூர்க் கண்மாயில், தன் கண்ணெதிரே விழாமல் நிற்க வேண்டும். விழுந்தால் பலகை வீட்டுக்குப் பரண் ஆகிவிடும், கடல் பேச்சும் அத்தோடு சரி.

ராமநாதபுரம் பக்கத்துக் கடற்கரைக் கடைக்கு என்னையும் இழுத்துப் போனார். கடைக்காரர் ஒல்லியான, மூக்கு கூரான பலகையைக் காட்டி, இது நல்ல வேகம் போகும் என்றார். அண்ணன் அதை முழங்கால் தண்ணீரில் போடச் சொன்னார். முப்பது வருஷமாகக் கட்டிலைச் சோதிக்கும் அதே முறைதான். ஏறிப் படுத்தார், இடப்பக்கம் புரண்டார், தண்ணீருக்குள் போனார்.

"அண்ணே, இதுல நிக்கணும். படுக்கக் கூடாது" என்றார் கடைக்காரர்.

"புரண்டாலே ஆடுது, நின்னா எப்பிடிப்பா? வேகம் யாருக்கு வேணும்? நான் எங்க அவசரமாப் போகப் போறேன்?"

இரண்டாவதும் கவிழ்த்தது. மூன்றாவது பலகை நீளம், தடிமன், உருண்டை மூக்கு. அண்ணன் இருபக்கமும் புரண்டு, எழுந்து நின்று, கண்ணையும் மூடிப் பார்த்தார். அசையவில்லை. அவர் எடைக்கு முப்பத்திரண்டு அங்குல அகலமே போதும், இது முப்பத்தாறு, அலையில் திருப்புவது சிரமம் என்று கடைக்காரர் நேர்மையாகவே எச்சரித்தார். அண்ணன் காதில் வாங்கவே இல்லை.

ஒத்தக்கடை கண்மாயில் நட்ட கம்பம் போல நின்றார். மதினி அசரவில்லை.

"அலையே இல்லாத தண்ணில நாங்கூடத்தான் நிப்பேன்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, அலைக்காக அண்ணன் வரவழைத்த அவருடைய உசிலம்பட்டி மச்சினனின் ஆறு எருமைகள் லாரியில் வந்து இறங்கின. அவை திமுதிமுவென்று கண்மாய்க்குள் இறங்க, நிஜமாகவே அலை கிளம்பியது. ஐந்து எருமைகளின் அலைகளை அண்ணன் சமாளித்தார். ஆறாவது எருமை நீந்தி வந்து பலகையின் வால்மேல் தாடையை வைத்து இளைப்பாறியது. பலகை சாய்ந்தது, நிமிர்ந்தது, அண்ணன் நின்றார். மதினி வேறு வழியில்லாமல் தலையாட்டினார்.

பிறகு மூவரும் கடலுக்குப் போனோம். மிதவைச் சட்டையோடு பலகையில் நின்றவரை முழங்கால் உயரத்து அலை ஒன்று ஒரு ஷேர் ஆட்டோ நீளத்துக்குத் தூக்கி வந்து கவிழ்த்தது. ஆசை தீர்ந்தது, கிளம்பலாம் என்று நினைத்தேன். அண்ணனோ பையிலிருந்து இன்னொரு மிதவைச் சட்டையை எடுத்து மதினிக்கு மாட்டினார்.

"ஏறி உக்காரு. ஆடாது."

முப்பத்தாறு அங்குலம் யாருக்கு என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. கடலில் கால் நனைத்ததோடு சரி என்றிருந்த மதினி, இரண்டு ஓரத்தையும் பிடித்தபடி முன்னால் உட்கார்ந்தார். ஒரு சின்ன அலை இருவரையும் கரையில் கொண்டுவந்து இறக்கியது. மதினி முகத்துத் தண்ணீரை வழித்துக்கொண்டு, "இன்னொருக்கா போவோம்" என்றார்.

வருஷம் முழுக்க அந்த மனுஷனைக் கேலி செய்தவன் நான். அவர்மேல் எனக்கு எவ்வளவு பிரியம் என்று அன்றுதான் தெரிந்தது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, பலகையின் வாலைப் பிடித்து இருவரையும் மறுபடி கடலுக்குள் தள்ளிவிட்டேன்.